வீடு அவருடையது, பொருள் நம்முடையது

புதிதாக ஒரு வாடகை வீட்டிற்குக் குடிபுகும் குடும்பத்தை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம். பால் காய்ச்சி, சுவாமி படத்திற்கு விளக்கேற்றி, முற்பணத்தை எண்ணிக் கொடுத்து, வாடகைப் பத்திரத்தில் கையொப்பமும் வைத்தாயிற்று. கிணற்று நீர் நல்லதா, கூரை ஒழுகுமா, வேலி உறுதியானதா, வீட்டுக்காரர் குணசாலியா என்று அதற்கு முன்னரே ஆயிரம் கேள்விகள் கேட்டு முடித்திருப்போம். கேட்காது விடுவது ஒன்றே ஒன்றுதான். இவ்வீட்டிலே ஒரு நாள் தீப்பிடித்தால், அல்லது திருடன் புகுந்தால், நமது பொருள்களுக்கு யார் பொறுப்பு என்பதே அக்கேள்வி.

எவரேனும் அக்கேள்வியை எழுப்பினாலும் அதற்கென ஒரு மறுமொழி ஆயத்தமாக இருக்கிறது. திருநெல்வேலியிலே பல்கலைக்கழகத்துக்கு அண்மையில் அறையெடுத்துத் தங்கியிருக்கும் மாணவர் ஒருவருடன் நாம் அண்மையில் உரையாட நேர்ந்தது.

"தம்பி, இந்த அறையிலை இருக்கிற உம்முடைய சாமானெல்லாம் எவ்வளவு பெறும்?"

"பெரிசா ஒண்டுமில்லை ஐயா. கட்டில், மேசை, புத்தகங்கள், மடிக்கணினி, ஒரு சைக்கிள். அவ்வளவுதான்."

"நெருப்புப் பிடிச்சால்?"

"வீடு வீட்டுக்காரருடையதுதானே ஐயா. அவர் இன்சூரன்ஸ் எடுத்து வைச்சிருக்கிறார். அவர் பார்த்துக்கொள்ளுவார்."

"பார்த்துக்கொள்ளுவார்" என்னும் அந்த ஒரு சொல்லை நம்பி எத்தனையோ குடும்பங்கள் நிம்மதியாக உறங்குகின்றன. அந்த நம்பிக்கை ஆதாரமற்றது என்பதை எடுத்துக்காட்டுவதே இவ்வாரம் நமது நோக்கமாகும்.

சுவர் நின்றது, பொருள் எரிந்தது

வீட்டையும் வீட்டிலுள்ள பொருளையும் ஒன்றென எண்ணுவது எத்துணை பெரிய பிழை என்பதை நம்மவர்க்குக் கற்பித்த பாடசாலை கொழும்பு நகரமாகும். 1983ஆம் ஆண்டு ஜூலை மாதத்திலே கொழும்பில் நிகழ்ந்த கொடுமைகளைப் பெரியோர் இன்னும் மறந்திலர். உத்தியோகத்தின் பொருட்டும் வியாபாரத்தின் பொருட்டும் யாழ்ப்பாணத்தை விட்டுச் சென்ற குடும்பங்கள் பல, வெள்ளவத்தை முதலிய இடங்களில் வாடகை வீடுகளிலே வாழ்ந்துவந்தன. கலகக்காரர் தெருத்தெருவாக வந்தபோது, தமிழருக்குச் சொந்தமான வீடுகளைக் கொளுத்தினர். ஆனால் தமிழர் குடியிருந்த வீடு சிங்களவர் ஒருவருக்குச் சொந்தமானதாயிருந்த பல இடங்களிலே, வீட்டில் தீ வைக்கவில்லை. கதிரை, கட்டில், அலுமாரி, உடுபுடவை, பிள்ளைகளின் புத்தகம், பெற்றோரின் படம் எல்லாவற்றையும் தெருவுக்கு இழுத்து வந்து குவித்து, அங்கே எரித்தனர்.

சுவர்கள் நின்றன. கூரை நின்றது. வீட்டுக்காரருக்கு ஓடு ஒன்றேனும் நட்டமில்லை. குடியிருந்தவருக்கோ, பல ஆண்டுகள் உழைத்துத் தேடியவை யாவும் ஒரு பிற்பகலிலே சாம்பலாயின. அகதி முகாம்களில் சில நாள் கிடந்து, பின்னர் கப்பலேறிக் காங்கேசன்துறையில் வந்திறங்கியோரிற் பலர் உடுத்த உடையோடே இறங்கினர்.

வீடு வேறு, பொருள் வேறு என்ற உண்மையை இதைக் காட்டிலும் தெளிவாக உணர்த்தும் சம்பவம் வேறில்லை. கலகத்திலே தோன்றிய இவ்வேறுபாடு, காப்புறுதிச் சட்டத்திலே என்றென்றும் உள்ளது. வீட்டுக்காரர் எடுத்த பத்திரம் அவருடைய சுவரையும் கூரையையும் காக்கும். நமது றங்குப்பெட்டியைப் பற்றி அதிலே ஒரு சொல்லும் இராது.

காப்புறுதி என்பது யாது?

நம் கிராமங்களிலே கிடுகால் வேய்ந்த வீடு ஒன்று தீப்பற்றி அழிந்தால் அயலார் வாளாவிருப்பதில்லை. ஒருவர் கிடுகு தருவார், மற்றொருவர் தடி தருவார், இன்னொருவர் ஒரு நாள் உழைப்பைத் தருவார். ஒருவருக்கு நேர்ந்த பெருந்துன்பத்தைப் பலர் சிறிது சிறிதாகப் பகிர்ந்துகொள்ளும் இவ்வழக்கமே காப்புறுதியின் உயிர்நாடி. வேறுபாடு ஒன்றே. அயலாரின் உதவி துன்பம் வந்த பின்னர், அவரவர் மனம்போல வருவது. காப்புறுதியிலோ துன்பம் வருமுன்னரே பலர் பணம் சேர்த்து வைக்கின்றனர். எவருக்கு எவ்வளவு என்பதும் முன்னரே எழுதி வைக்கப்படுகிறது.

1666ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்தில் இலண்டன் நகரிலே ஒரு ரொட்டிக்கடையில் மூண்ட தீ, சில நாட்களிலே பதின்மூவாயிரத்துக்கும் அதிகமான வீடுகளை அழித்தது. அதன் பின்னரே, 1680ஆம் ஆண்டளவில், நிக்கலஸ் பார்பன் என்பவர் வீடுகளுக்குத் தீக் காப்புறுதி வழங்கும் நிலையத்தை அங்கே தொடங்கினார். இந்த ஆங்கில மரபு கடல் கடந்து நம் நாட்டுக்கும் வந்தது. 1866ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், ஆயுட் காப்புறுதி, தீக் காப்புறுதி ஆகிய விடயங்களில் ஆங்கிலச் சட்டமே இலங்கையிற் செல்லும் என விதித்தது. ஆகவே காணி உரிமையில் தேசவழமையைப் பின்பற்றும் யாழ்ப்பாணத்தவரும், காப்புறுதியென்று வரும்போது ஆங்கில வழக்கின் விதிகளுக்கு உட்பட்டவரேயாவர்.

அவ்விதிகளிலே தலையாயது இது: தனக்கு உரித்தில்லாத பொருளை ஒருவர் காப்புறுதி செய்ய முடியாது. எப்பொருள் அழிந்தால் தமக்கு நட்டமோ, அப்பொருளையே காப்புறுதி செய்யலாம். வீட்டுக்காரருக்கு நமது மடிக்கணினியில் உரித்தில்லை. ஆதலால் அவர் விரும்பினாலும் அதைத் தம் பொருளாகக் காப்புறுதி செய்ய இயலாது. நமக்கு அவருடைய கூரையில் உரித்தில்லை. அவரவர் பொருளுக்கு அவரவரே காவல்.

நம் நாட்டுக்கே உரிய ஒரு நடுநிலையும் உண்டு. அது ஒற்றி. வீட்டுக்காரருக்கு ஒரு பெருந்தொகையைக் கொடுத்துவிட்டு, வாடகையின்றி அவ்வீட்டிலே குடியிருந்து, தவணை முடிவிலே கொடுத்த பணத்தை மீளப் பெறுவோர் நம்மிடையே பலர். இவர்களுக்கு அவ்வீடே தாம் கொடுத்த பணத்துக்கு ஈடு. வீடு அழிந்தால் ஈடும் அழியும். ஆகவே ஒற்றிக்கு இருப்போர் தமது பொருளைப் பற்றி மாத்திரமன்றி, கட்டடத்துக்குக் காப்புறுதி உண்டா, அப்பத்திரத்திலே தமது உரித்தும் குறிக்கப்பட்டுள்ளதா என்பதையும் விசாரித்தல் வேண்டும்.

குடியிருப்போருக்குரிய காப்புறுதியின் மூன்று பகுதிகள்

ஐக்கிய அமெரிக்காவிலே வாடகைக்கு இருப்போர்க்கெனத் தனியாக ஒரு காப்புறுதி உண்டு. அப்பத்திரம் இருந்தாலன்றி வீடு தரமாட்டோம் என்று கூறும் வீட்டுக்காரரும் அங்கே பலர். நம் நாட்டிலே அப்பெயரோடு கேட்டால் கம்பனியார் சற்றுத் தயங்கக்கூடும். "வீட்டுக் காப்புறுதியிலே, கட்டடத்தை விட்டு உள்ளிருக்கும் பொருளுக்கு மாத்திரம் காப்புறுதி வேண்டும்" என்று கேட்பதே முறை. இவ்விதப் பத்திரத்தில் மூன்று பகுதிகள் உளவா என்று பார்த்தல் நன்று.

முதலாவது, பொருள்களுக்கான காப்பு. தளபாடம், துணிமணி, குளிரூட்டும் பெட்டி, தொலைக்காட்சி, தையல் இயந்திரம், புத்தகம் முதலியன இதில் அடங்கும்.

இரண்டாவது, மாற்று வதிவிடச் செலவு. வீடு எரிந்தால் அதைத் திருத்தும் வரையில் குடும்பம் எங்கே தங்குவது? வேறிடத்தில் வாடகைக்கு இருக்க நேரும் மேலதிகச் செலவை ஒரு குறித்த காலத்துக்குச் சில பத்திரங்கள் ஏற்கும். சிறு பிள்ளைகளோடும் வயோதிபரோடும் இருக்கும் குடும்பத்துக்கு இது சிறு உதவியன்று.

மூன்றாவது, பிறருக்கு நாம் இறுக்க வேண்டிய நட்டம். அடுப்பை அணைக்க மறந்தது நாம்; எரிந்தது வீட்டுக்காரருடைய கூரை. அப்போது என்ன நேரும்? வீட்டுக்காரருக்கு அவருடைய கம்பனி பணம் கொடுத்துவிடும். கொடுத்த பின்னர், அந்த நட்டத்துக்குக் காரணமானவரிடம் அப்பணத்தை அறவிடும் உரிமை கம்பனிக்கு வந்துசேரும். அதாவது, அவருடைய காப்புறுதி நம்மைக் காக்காதது மாத்திரமன்று. நம்மேல் வழக்காகவும் திரும்பக்கூடும்.

இதிலே அறியத்தக்க ஒரு தீர்ப்புண்டு. 1985ஆம் ஆண்டு இங்கிலாந்தின் மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் இவ்வாறான வழக்கொன்று விசாரிக்கப்பட்டது. வாடகைக்கு இருந்தவரின் கவனக்குறைவால் கட்டடம் எரிந்தது. பணம் கொடுத்த காப்புறுதிக் கம்பனி அவரிடமிருந்து அதை அறவிட முயன்றது. ஆனால் வாடகை ஒப்பந்தத்தின்படி காப்புறுதி எடுப்பது வீட்டுக்காரரின் கடமையாயிருந்தது. அதற்கான கட்டணத்தில் ஒரு பங்கைக் குடியிருந்தவரும் செலுத்திவந்தார். ஆதலால் அக்காப்புறுதி இருவர் நன்மைக்கும் எடுக்கப்பட்டதே என நீதிமன்றம் கூறி, கம்பனியின் கோரிக்கையை நிராகரித்தது. இதிலிருந்து நாம் கற்பது யாதெனில், வாடகைப் பத்திரம் எழுதும்போதே காப்புறுதியைப் பற்றி ஒரு வரி எழுதிவைத்தல் நன்று என்பதே. "கட்டடக் காப்புறுதி இருதரப்பார் நன்மைக்குமானது" என்ற ஒரு வாசகம் பிற்காலத்தில் பெரும் வழக்கொன்றைத் தடுக்கவும் கூடும். அதை எவ்வாறு எழுதுவது என்பதை நொத்தாரிசு ஒருவரிடம் கேட்டுக்கொள்க.

எந்த ஆபத்துக்கு, எதற்கு இல்லை?

பத்திரத்தின் முதற்பக்கம் வாக்குறுதிகளைச் சொல்லும். பின்பக்கங்கள் விலக்குகளைச் சொல்லும். பின்பக்கங்களை முதலில் வாசிப்பவரே புத்திசாலி.

தீயும் மின்னலும் பொதுவாக அடங்கும். எரிவாயு வெடிப்பு அடங்குகிறதா என்று குறிப்பாகக் கேட்க வேண்டும். 2021ஆம் ஆண்டின் இறுதி மாதங்களிலே நாட்டின் பல பாகங்களிலும் வீட்டு அடுப்புகளோடு தொடர்புடைய காஸ் வெடிப்புகள் அடுத்தடுத்து நிகழ்ந்தமையை வாசகர்கள் அறிவர். ஐப்பசி மாதத்து இடிமின்னலிலே தொலைக்காட்சியும் குளிரூட்டும் பெட்டியும் கருகிப்போவது நம்மூரில் சாதாரணம். தீப்பற்றாமல், மின்னழுத்தத்தால் மாத்திரம் கருவி பழுதானால் பணம் கிடைக்குமா என்பதும் கேட்க வேண்டிய கேள்வியே.

புயலும் வெள்ளமும் பல பத்திரங்களில் மேலதிகச் சேர்க்கையாகவே கிடைக்கின்றன. கட்டணத்தைக் குறைக்க விரும்பி இதனை விடுவோர் உண்டு. குடாநாட்டிலே வாழ்வோர் அவ்வாறு செய்தல் தகாது. 2008ஆம் ஆண்டு நவம்பரில் நிஷா புயலோடு வந்த மழையும், 2020ஆம் ஆண்டு டிசெம்பரில் புரெவிப் புயலோடு வந்த மழையும் யாழ்ப்பாணத்துத் தாழ்ந்த நிலங்களில் வீடுகளுக்குள் நீரை நிரப்பின. சுனாமி வந்த 2004ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆம் திகதியை வடமராட்சிக் கிழக்கார் மறக்கவே மாட்டார்கள். கட்டடம் வெள்ளத்தைத் தாங்கிக்கொள்ளும். சுவர் காய்ந்தால் வெள்ளையடிக்கலாம். நனைந்த மெத்தையும் புத்தகமும் மாவுப்பெட்டியும் அவ்வாறு மீள்வதில்லை. ஆகவே வெள்ளத்திலே வீட்டுக்காரரைக் காட்டிலும் குடியிருப்பவரே பெரும்பாலும் மிகுதியாக இழக்கிறார்.

அரசு உதவாதா என்று சிலர் கேட்பர். 2016ஆம் ஆண்டிலே அரசு நாடு முழுவதற்கும் இயற்கை அனர்த்தக் காப்புறுதித் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. பாதிக்கப்பட்ட வீடொன்றுக்கு 25 இலட்சம் ரூபா வரை வழங்கலாம் என அதிலே விதிக்கப்பட்டது. நல்ல முயற்சியே. ஆயினும் அரசின் உதவி அவ்வக்காலத்து நிதிநிலைமைக்கும் விதிகளுக்கும் ஏற்ப மாறுவது. அதைக் கிடைத்தால் நன்மையெனக் கொள்ளலாமேயன்றி, உரிமைப் பத்திரமெனக் கொள்ளலாகாது.

திருட்டைப் பற்றியும் ஒரு சொல். கதவை உடைத்து அல்லது கூரையைப் பிரித்து உட்புகுந்த அடையாளம் இருந்தாலன்றிப் பல பத்திரங்கள் பணம் தரா. திறந்த கதவால் வந்து மடிக்கணினியை எடுத்துச் சென்றால் அது நமது கவனக்குறைவாகவே கருதப்படும். வீட்டைப் பூட்டிவிட்டு ஒரு மாதத்துக்கு மேல் கொழும்புக்கோ வெளிநாட்டுக்கோ செல்வோர், அதைக் கம்பனிக்கு முன்னரே அறிவிக்க வேண்டுமா என்று பார்த்துக்கொள்ளல் வேண்டும். ஆளில்லாத வீட்டுக்குக் காப்பில்லை என்ற நிபந்தனை சாதாரணமானது.

கலகமும் யுத்தமும்

மேலே கூறிய 1983ஆம் ஆண்டுக்கு மீண்டும் வருவோம். தீக் காப்புறுதி எடுத்திருந்தவருக்கு அன்று நட்டஈடு கிடைத்திருக்க வேண்டுமல்லவா என வாசகர் வினவலாம். தீ என்பது தீதான். ஆனால் தீயை வைத்தவர் யார் என்பதைக் காப்புறுதிச் சட்டம் கேட்கும். வேலைநிறுத்தம், கலகம், உள்ளூர்க் குழப்பம் ஆகியவற்றால் வரும் அழிவு சாதாரணத் தீக் காப்புறுதியில் அடங்குவதில்லை. அதற்குத் தனியாகக் கட்டணம் செலுத்தி, ஒரு சேர்க்கையை ஒட்டிக்கொள்ளல் வேண்டும். அச்சேர்க்கை இல்லாத பத்திரம் அன்று வெறுங்காகிதமே. பத்திரமே இல்லாதவருக்கோ இக்கேள்விக்கும் இடமில்லை.

அவ்வழிவின் பின்னர், இவ்வகை ஆபத்தை ஏற்பதற்கென 1987ஆம் ஆண்டிலே அரசு ஒரு நிதியத்தை அமைத்தது. பயங்கரவாதத்தால் வரும் அழிவும் அதிலே சேர்க்கப்பட்டது. பின்னர் 2006ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த தேசிய காப்புறுதி நம்பிக்கை நிதியம் அதைப் பொறுப்பேற்றது. நாம் எந்தக் கம்பனியிற் பத்திரம் எடுத்தாலும், கலகத்துக்கான சேர்க்கையைக் கேட்டுப் பெறலாம். நமது மக்கள் இவ்வளவு விலை கொடுத்துக் கற்ற பாடத்தின் பயனாகிய அந்தச் சேர்க்கையை, சில ரூபாவை மிச்சம்பிடிக்க எண்ணி விட்டுவிடுவது அறிவுடைமையாகாது.

ஆனால் யுத்தத்துக்கு எச்சேர்க்கையும் இல்லை. உலகெங்கும் வீட்டுக் காப்புறுதிப் பத்திரங்கள் யுத்தத்தை விலக்கியே எழுதப்படுகின்றன. ஒரே நேரத்திலே எல்லோருக்கும் வரும் அழிவை, ஒருவருக்கொருவர் பகிர்ந்துகொள்ள வழியில்லை என்பதே காரணம். 1990ஆம் ஆண்டு ஒக்டோபரில் யாழ்ப்பாணத்து முஸ்லிம் மக்கள் சில மணி நேரத்திலே வீடு வாசலைத் துறந்து வெளியேறும்படி விரட்டப்பட்டனர். 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் இரவோடிரவாகத் தென்மராட்சியை நோக்கி நடந்தனர். அவ்விழப்புகளை எக்காப்புறுதியும் ஈடுசெய்திராது. காப்புறுதி எல்லாத் துன்பத்துக்கும் மருந்தென்று நாம் கூறின், அது வாசகரை ஏமாற்றுவதாகும். யுத்தம் முடிந்த பின்னர் நம்மிடையே தொடரும் சாதாரணத் துன்பங்களான தீ, திருட்டு, வெள்ளம் ஆகியவற்றுக்கே அது மருந்து.

பாதிக்குக் காப்புறுதி, பாதிக்கே பணம்

கட்டணத்தைக் குறைப்பதற்காகப் பொருளின் பெறுமதியைக் குறைத்துச் சொல்வோர் பலர். அதன் விளைவை ஒரு கணக்கால் விளக்குவோம்.

ஒருவருடைய வீட்டுப் பொருள்களின் பெறுமதி 8 இலட்சம் ரூபா எனக் கொள்வோம். அவர் 4 இலட்சத்துக்கு மாத்திரம் காப்புறுதி செய்கிறார். தீயினால் 2 இலட்சம் ரூபா பெறுமதியான பொருள் அழிகிறது. "நான் 4 இலட்சத்துக்குச் செய்திருக்கிறேன், என் நட்டம் 2 இலட்சந்தானே, முழுவதும் கிடைக்கும்" என்று அவர் நினைக்கிறார். கிடைப்பதோ 1 இலட்சமே. பாதிப் பெறுமதிக்குக் கட்டணம் செலுத்தியவர், மற்றப் பாதியைத் தாமே காப்பதாக ஏற்றுக்கொண்டவர் என்பது காப்புறுதிக் கணக்கு. ஒவ்வொரு நட்டத்திலும் முதலில் ஒரு சிறு தொகையை நாமே ஏற்க வேண்டும் என்ற நிபந்தனை இருப்பின், அதுவும் கழியும்.

இந்தியாவிலே 2021ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் 'பாரத் கிருஹ ரக்ஷா' என்ற பொதுவான வீட்டுக் காப்புறுதிப் பத்திரத்தை எல்லாப் பொதுக் காப்புறுதிக் கம்பனிகளும் வழங்க வேண்டுமென விதிக்கப்பட்டது. அதிலே இந்தப் பாதிக் கணக்கு நீக்கப்பட்டிருக்கிறது. குடியிருப்போர் பொருளுக்கு மாத்திரம் பத்திரம் எடுக்கவும் வழியுண்டு. நம் நாட்டுப் பத்திரத்தில் நிலைமை யாது என்பதைக் கையொப்பம் வைக்குமுன் கேட்பது நமது கடமை.

இன்னும் ஒரு கேள்வி: பழைய பொருளுக்குப் புதிய பொருளின் விலையைத் தருவார்களா, அல்லது பாவித்த ஆண்டுகளுக்கேற்பக் கழித்துத் தருவார்களா? பத்தாண்டுப் பழைய குளிரூட்டும் பெட்டிக்குக் கழித்துத் தரப்படும் பணத்தில் புதியது வாங்க முடியாது. நகை, காசு ஆகியவற்றுக்கு மிகச் சிறிய வரம்பே இருப்பது வழக்கம். தாலிக்கொடியும் காப்பும் சங்கிலியும் வீட்டிலேயே வைத்திருக்கும் நம் குடும்பங்கள், நகைகளைத் தனித்தனியே நிறையும் பெறுமதியும் குறித்துப் பத்திரத்திற் சேர்க்க வேண்டும். அன்றேல் வங்கிப் பெட்டகத்தில் வைத்தல் நன்று.

மாணவர்க்குச் சில வார்த்தைகள்

ஓர் அறையில் நால்வர் தங்கினால், ஒருவர் எடுக்கும் பத்திரம் மற்ற மூவரைக் காவாது. ஒவ்வொருவர் பெயரும் ஒவ்வொருவர் பொருளும் குறிக்கப்பட்டனவா என்று பார்க்க வேண்டும். ஊரிலே தந்தையார் வீட்டுக் காப்புறுதி எடுத்திருப்பின், வெளியூரிற் படிக்கும் பிள்ளையின் பொருளும் அதில் அடங்குமா என்று எழுத்து மூலம் கேளுங்கள். சில நாடுகளில் அவ்வாறு அடங்குவதுண்டு. மடிக்கணினியும் தொலைபேசியும் அறைக்கு வெளியே, பேருந்திலோ நூலகத்திலோ களவுபோனால் காப்புண்டா என்பதையும் கேட்க மறவற்க.

பட்டியலே முதற் காப்பு

இவ்வளவும் வாசித்த பின்னர், "எங்களிடம் அவ்வளவு பொருளில்லை, கட்டணம் செலுத்தவும் வசதியில்லை" என்று எண்ணும் குடும்பங்களும் இருக்கும். அவ்வெண்ணத்தை நாம் இகழ மாட்டோம். ஒரு பாயும் இரண்டு பாத்திரமும் மாத்திரம் உள்ளவர், அவசரத்துக்கு உதவும் ஒரு சிறு சேமிப்பை முதலில் உண்டாக்குவதே முறை. ஆனால் முடிவு செய்யுமுன் ஒரு பட்டியல் எழுதிப் பாருங்கள். அதற்குச் செலவில்லை.

ஓர் அப்பியாசக் கொப்பியை எடுத்துக்கொள்க. முன்னறையில் தொடங்கி அடுக்களை வரை நடந்து, கண்ணிற் படும் ஒவ்வொரு பொருளையும் எழுதுக. எந்த ஆண்டு வாங்கியது, என்ன விலை, இன்று புதிதாக வாங்கின் என்ன விலை என்பவற்றை எதிரே குறிக்க. பற்றுச்சீட்டுகளைக் கூட்டி ஓர் உறையில் இடுக. தொலைபேசியால் ஒவ்வொரு அறையையும் படம் பிடிக்க. கணினி முதலியவற்றின் தொடரிலக்கத்தை எழுதுக. இறுதியிலே கூட்டிப் பார்ப்போருக்கு வியப்புக் காத்திருக்கிறது. "ஒண்டுமில்லை" என்று சொன்ன குடும்பத்திடமே சில இலட்சம் ரூபாவுக்குப் பொருள் இருப்பதைக் காணலாம். அத்தொகையை மீண்டும் சம்பாதிக்க எத்தனை மாதம் செல்லும் என்று எண்ணிப் பார்த்து, அதன் பின்னர் கட்டணத்தைக் கேட்டுத் தீர்மானியுங்கள்.

பட்டியலின் ஒரு பிரதியை அதே வீட்டிலே வைத்தல் பயனற்றது. பொருளோடு அதுவும் எரியும். வேறூரிலுள்ள சகோதரியிடமோ, கடல்கடந்த பிள்ளையிடமோ ஒரு பிரதி இருக்கட்டும். பிறப்புச் சான்று, காணி உறுதி, கல்விச் சான்றிதழ் ஆகியவற்றின் பிரதிகளும் அதனோடு சேரட்டும். எல்லாவற்றையும் இழந்து வந்தோர் பின்னர் எந்த அலுவலகத்துக்குச் சென்றாலும் முதலிற் கேட்கப்பட்டது ஒரு காகிதமே என்பதை நம் சமூகம் நன்கறியும்.

நட்டம் நேர்ந்தால்

உடனே பொலிசுக்கு அறிவித்து முறைப்பாட்டின் பிரதியைப் பெறுக. கிராம உத்தியோகத்தருக்கும் தெரிவிக்க. கம்பனிக்குத் தாமதமின்றி எழுத்து மூலம் அறிவிக்க. எரிந்த பொருள்களை மதிப்பீட்டாளர் பார்க்குமுன் வீசிவிடாதீர். நட்டத்தைக் கூட்டிச் சொல்லாதீர். காப்புறுதி முழு நம்பிக்கையின் மீது நிற்கும் ஒப்பந்தம். ஒரு பொய் முழுக் கோரிக்கையையும் கெடுத்துவிடக் கூடும். விண்ணப்பப் படிவத்தை நிரப்பும்போதும் அவ்வாறே. கூரை கிடுகா ஓடா, வீட்டிலே கடை நடக்கிறதா என்ற கேள்விகளுக்கு உண்மையே எழுதுக. முகவர் நிரப்பித் தருவார் என்று வெற்றுப் படிவத்திற் கையொப்பம் வைக்க வேண்டாம்.

கம்பனியின் முடிவு நியாயமற்றதெனத் தோன்றின், முதலில் கம்பனிக்கே முறையிட வேண்டும். பயனில்லையாயின், 2005ஆம் ஆண்டு முதல் இயங்கிவரும், ஒம்புட்ஸ்மன் எனப்படும் காப்புறுதிக் குறைகேள் அதிகாரியிடம் முறையிடலாம். 2000ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இத்துறையை மேற்பார்வை செய்யும் காப்புறுதி ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவும் உண்டு. பத்திரம் எடுக்குமுன்னரே, அக்கம்பனி அவ்வாணைக்குழுவிற் பதிவு பெற்றதா என்று பார்த்துக்கொள்வது நன்று.

தொடக்கத்திற் கூறிய மாணவரிடம் நாம் அன்று வேறொன்றும் சொல்லவில்லை. ஒரு கொப்பியை மாத்திரம் கொடுத்தோம். அடுத்த நாள் அவர் வந்தபோது முகம் சற்று வாடியிருந்தது.

"ஐயா, கூட்டிப் பார்த்தன். மூண்டரை இலட்சத்துக்கு மேலை வருகுது. அம்மா சீட்டெடுத்து வாங்கித் தந்த கணினி மட்டுமே அதிலை பாதி."

வெள்ளம் வருமுன் அணை கட்டு என்பது பழமொழி. அணை கட்டுமுன் காக்க வேண்டியது எவ்வளவு என்று அளந்து பார்க்க வேண்டுமல்லவா? இந்த ஞாயிற்றுக்கிழமை மாலையிலே, குடும்பத்தார் எல்லோரும் கூடியிருக்கும் வேளையில், ஒரு கொப்பியையும் பேனாவையும் எடுத்து முன்னறையிலிருந்து தொடங்குங்கள். எழுதுவதைப் பிள்ளைகளிடம் விடுங்கள். ஒவ்வொரு பொருளும் எப்படி வீட்டுக்கு வந்தது என்ற கதையையும் அவர்கள் அப்போது அறிந்துகொள்வார்கள்.